பதினொரு பார்ப்புகள்

தண்ணீர் லாரி ஓட்டும் எலெயுத்தேரியோ பார்ரியாவுக்கு
எலும்பில் ஆர்வம் இல்லை.
வாரம் இருமுறை வருவான். பீப்பாய்களை இறக்குவான்.
பட்டகோனியக் காற்றுக்கு முதுகு காட்டி
ஒரு சிகரெட் பிடித்துவிட்டுப் போவான்.
அன்றுதான் குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

சிவந்த பாறையில்
பதினொன்று.
ஒன்றன் விலாவில் இன்னொன்றன் தாடை.
எது யாருடைய வால் என்று
பிரிக்கவே இரண்டு கோடை ஆகும்.
எல்லாம் ஒரே ஈடு, வயது ஒன்று நிறைந்திருக்காது,
என்றாள் நதினா உஸ்தாரோஸ்,
பல் வைத்தியர் ஊசியால்
ஒரு விரல்கணுவின் மணலைச் சுரண்டிக்கொண்டே.

முஸ்ஸாரஸ்.
எலிப்பல்லி என்று பொருள்.
முதலில் கிடைத்தவை உள்ளங்கையில் அடங்கின,
அதனால் அப்படி.
வளர்ந்தால் ஒன்றரை டன் வரும் என்று
பெயர் வைத்தபோது தெரியாது.
பெயர் மட்டும் வளராமல் நின்றுவிட்டது.

எலிக்குக் குட்டி, எருமைக்குக் கன்று,
ஆட்டுக்கு மறி.
தவழ்வதற்கும் பறப்பதற்கும் மட்டும்
பழந்தமிழில் ஒரே சொல்:
பார்ப்பு.
பல்லியும் பறவையும் எந்த ஊரில் பிரிந்தன என்று
எவரும் தோண்டிப் பார்த்திராத காலத்தில்
யார் வாயில் வந்ததோ.

சற்றுத் தள்ளி முட்டைகள்.
குழிக்குக் குழி எட்டு, இருபது, முப்பது.
அவற்றின் கீழே இன்னோர் அடுக்கு,
அதற்கும் கீழே இன்னொன்று.
பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுபோல
மறுபடி மறுபடி இதே சரிவுக்கு வந்திருக்கின்றன.

ஓட்டை உடைத்து வந்தவை
நான்கு காலில் நடந்தன.
தலை கனம், முன்கை நீளம்.
பெரணிக் கொழுந்தைக் கடித்துக் கடித்து
வயிறும் வாலும் பெருக்க,
பாரம் பின்னால் சரிய,
ஏதோ ஒரு நாள்
முன்கைகள் தரையை மறந்தன.
அந்த நாளை எந்த எலும்பும் குறித்து வைக்கவில்லை.
மழை பொய்த்த மாதங்களை மட்டும்
தொடையெலும்புக்குள் ஒரு கோடாக
எழுதி வைத்திருக்கின்றன.

பெரியவை?
அங்கே இரண்டு, மேட்டில் ஒன்று,
என்று கை காட்டினாள் நதினா.
மந்தை ஒன்றுதான்.
ஆனால் ஈட்டுக்கு ஈடு தனித்தனி.
வறட்சியில் படுத்தன. காற்று புழுதியால் மூடியது.
இது எங்கள் ஊகம்.

எலெயுத்தேரியோ சிகரெட்டைக் காலணியில் அணைத்தான்.

தொண்ணூற்றொன்று, ஆகஸ்ட்.
ஹட்சன் எரிமலை வாய் திறந்தது.
மூன்று நாள் பகல் வரவில்லை.
பத்தொன்பது வயது எனக்கு,
நாலாயிரம் ஆட்டுக்குக் காவல்.
சாம்பலில் நாய் முகர்ந்து நின்ற இடமெல்லாம்
மண்வெட்டி போட்டோம்.
கிழ ஆடுகள் வேலியோரம்
இங்கே இரண்டு, அங்கே மூன்று.
முந்தின வசந்தத்தில் பிறந்தவை எல்லாம்
ஒரே பள்ளத்தில்.
யாரும் கிடை போடவில்லை.

எத்தனை, என்று கேட்டாள்.

எண்ணவில்லை.
முதலாளி கம்பளிக்குத்தான் கணக்குக் கேட்டார்.

பிறகு குழியை ஒருமுறை சுற்றினான்,
சர வேலிக் கயிற்றை மிதிக்காமல்.
இன்னொன்று இருக்கும், என்றான்.
எங்கே?
காற்று வரும் பக்கம்.
ஒன்று எப்போதும் கொஞ்சம் விலகித்தான் நிற்கும்.
ஏன் என்று என்னைக் கேட்காதே.

லாரி கிளம்பிப் போனது.
காலிப் பீப்பாய்களின் சத்தம்
பள்ளத்தாக்கைத் தாண்டும்வரை கேட்டது.

அறிக்கையில் இதை எழுத முடியாது.
நதினா மேற்கே ஒரு மீட்டர்
கயிற்றை நகர்த்திக் கட்டினாள்.

நேற்றுவரை
மணல்தான்.